எமரி ஷீட் பொறியாளர்களா நாம்?



மலர்க்குழு அண்ணன்கள் என்னிடம் கேட்டது ஒரு கவிதை. நட்பைப் பற்றியோ, அம்மாவைப் பற்றியோ, குறைந்தபட்சம் காதலைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்குக் கவிதை வராது. நான் எழுதப்போவது லேத்தைப் பற்றி. அதிலும் லேத்தின் முன்னால் சுற்றுகிறதே, சக், அதைப் பற்றி. எலெக்ட்ரிக்கல் நண்பர்களும் கம்ப்யூட்டர் நண்பர்களும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

பிராக்டிகல் தேர்வுக்கு முந்தின நாள் நம் ஒர்க்‌ஷாப் எப்படி இருக்கும்? கோயில் திருவிழா போல இருக்கும். லேத்தை விட எமரி ஷீட்டுக்குத்தான் அடிதடி. அளவு கூடிவிட்டதா? எமரி போடு. ஸ்டெப் சரியில்லையா? எமரி போடு. ஜாப் ஆடுகிறதா? அதுக்கும் எமரி போடு, பளபளன்னு இருந்தா யாரு பார்க்கப் போறா! இதுதான் நம் தாரக மந்திரம். நானும் அப்படித்தான் செய்தேன். போன வருடம் எனக்கு அந்த பேப்பரில் நல்ல மார்க். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா நூறு நாள் வேலை இருக்கும்போது அதற்குப் போவாள், இல்லாதபோது களை எடுக்கப் போவாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "பையன் இன்னா படிக்கிறான்?" என்று யாராவது கேட்டால் அப்பா "மிஷின் படிக்கிறான்" என்பார். மெக்கானிக்கல் என்ற சொல் அவர் வாயில் நுழையாது. ஆனால் அந்த "மிஷின்" என்ற சொல்லை அவர் சொல்கிற விதத்தைக் கேட்டால், நான் ராக்கெட் விடப் போகிறேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்த நல்ல மார்க்கோடு மே மாத விடுமுறையில் வேட்டவலம் ரோடு பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு வெல்டிங் செட். முதலாளி அண்ணனும், அறுபது வயதைத் தாண்டிய ஒரு மேஸ்திரியும். மேஸ்திரி ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவர். நான் டிப்ளமோ. மனசுக்குள் ஒரு சின்ன கர்வம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

செங்கம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பம்ப்பின் ஷாஃப்ட்டைக் கொண்டு வந்தார். கிணற்று மேட்டில் மோட்டாரோடு கப்ளிங் போட்டு ஓடுகிற பம்ப். பழைய ஷாஃப்ட் பேரிங் உட்காரும் இடத்தில் தேய்ந்து போயிருந்தது. புதுசாக ஒன்று கடைய வேண்டும். மேஸ்திரி அன்றைக்கு வரவில்லை. "நான் பண்றேண்ணே" என்று முன்னால் போய் நின்றேன். முதலாளி அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். "சரி, பார்த்துப் பண்ணு" என்றார்.

பார்த்துத்தான் பண்ணினேன். மூணு ஜா சக்கில் கம்பியைப் பிடித்து, ஒரு பக்கத்து பேரிங் உட்காருமிடம், இம்பெல்லர் முனை இரண்டையும் கடைந்தேன். பிறகு திருப்பிப் பிடித்து மறுபக்கத்து பேரிங் உட்காருமிடத்தையும் கப்ளிங் முனையையும் கடைந்தேன். இரண்டு பக்கமும் 6205 பேரிங். உள்விட்டம் 25 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் 25.01, அந்தப் பக்கமும் 25.01. நம் அளவியல் பாடத்தில் படித்த கே6 பொருத்தத்துக்குக் கச்சிதமாக உள்ளே வருகிறது! கடைசியாக எமரி போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். விவசாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் அவர் திரும்பி வந்தார். டீ வாங்கிக் கொடுக்க இல்லை. முதல் நாளிலிருந்தே பம்ப் அதிர்ந்திருக்கிறது. கிளாண்டில் தண்ணீர் நிற்காமல் கொட்டியிருக்கிறது. கயிறு மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். கடைசியில் பேரிங் சூடேறிக் கத்தி நின்றுவிட்டது. சித்திரைப் பட்டத்துக் கடலை, பூ எடுக்கிற நேரம், மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. அவர் என்னைத் திட்டவே இல்லை நண்பர்களே. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். என்னைப் பார்த்து, "நீதான அந்தப் படிச்ச புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

மேஸ்திரி என் ஷாஃப்ட்டை வாங்கினார். ஒரு பக்கத்து பேரிங் இடத்தைத் தாமிரத் தகடு வைத்து நாலு ஜா சக்கில் பிடித்து, டயல் முள் அசையாத அளவுக்கு ட்ரூ பண்ணினார். பிறகு டயலை மறுபக்கத்து பேரிங் இடத்தில் வைத்துக் கையால் சக்கைச் சுற்றினார். முள் 30 கோடு போய்ப் போய் வந்தது. ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். ஆக 0.30 அவுட்.

"அளவு சரியாத்தான் இருக்குது தம்பி. ஆனா இது ஒரு ஷாஃப்ட் இல்ல. ரெண்டு ஷாஃப்ட்ட ஒட்ட வெச்சிருக்கிற" என்றார்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். மைக்ரோமீட்டர் விட்டத்தைச் சொல்லும். அந்த விட்டத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முள் 0.30 ஆடினால் மையம் அதில் பாதி, 0.15 மில்லிமீட்டர், விலகியிருக்கிறது என்று அர்த்தம். 0.15 என்றால் என்ன, இரண்டு தலைமுடி கனம் கூட இருக்காது என்று தோன்றலாம். நம் பெரிய தேர் மாட வீதியில் ஆடி ஆடித்தான் வருகிறது. அதுதான் அழகு. முட்டுக்கட்டை போட்டுத் திருப்பிக்கொள்ளலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் சரியான வட்டமாக இல்லை என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பம்ப் ஷாஃப்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 48 முறை அந்த 0.15 பேரிங்கை ஒரு பக்கமாக இழுத்து அடிக்கிறது. அத்தனை நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

தப்பு எங்கே நடந்தது? திருப்பிப் பிடித்தேனே, அங்கே.

மூணு ஜா சக்கை நாம் தெய்வம் மாதிரி நம்புகிறோம். சாவியைத் திருகினால் மூன்று தாடையும் ஒன்றாகக் கூடி வருகிறது, ஜாப் தானாக மையத்துக்கு வந்துவிடும் என்று நினைக்கிறோம். உள்ளே இருப்பது என்ன? கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரு சுருள் மரை வெட்டிய தட்டு. அது சுற்ற, அதில் பல் பதித்த தாடைகள் ஏறி இறங்குகின்றன. அமெரிக்காவில் சைமன் ஃபேர்மன் என்பவர் 1840-இல் லேத் சக்குக்குக் காப்புரிமை வாங்கினார் என்பார்கள். இன்றைக்கும் அடிப்படை அதேதான். அந்தச் சுருளை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் முழுக்க முழுக்க மையம் வராது. நல்ல புது சக்கே 0.05 முதல் 0.10 வரை அவுட் காட்டும். அது குறையல்ல, அதன் சுபாவம். வருடக்கணக்கில் பயன்படுத்திய சக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லோரும் எப்போதும் ஒரே 25, 32 மில்லி கம்பியையே பிடிப்பதால் சுருளில் அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கும். தாடைகளின் வாய்ப்பக்கம் நாதஸ்வர அணைசு போல விரிந்து, உள்பக்கம் மட்டும்தான் ஜாப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். தாடைக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புச் சீவல் மாட்டியிருந்தாலும் போச்சு. அது போதாதென்று நம் ஆட்கள் 1, 2, 3 என்று எண் போட்ட தாடைகளை வரிசை மாற்றிப் போட்டுவிட்டு "சார், சக் சரியில்ல சார்" என்பார்கள்.

அப்படியானால் தேய்ந்த சக்கில் சரியான வேலையே செய்ய முடியாதா? இங்கேதான் மேஸ்திரி எனக்குச் சொன்ன விஷயம் இருக்கிறது. மூன்று செமஸ்டர் புத்தகத்தில் எனக்குப் புரியாதது அது. சக் எவ்வளவு ஆடினாலும் பரவாயில்லை. கம்பியைப் பிடித்து முதல் வெட்டு விழுந்ததுமே, வெட்டிய பகுதி ஸ்பிண்டிலின் மையத்துக்கு வந்துவிடுகிறது. அதே பிடியில், சக்கை விடாமல், எத்தனை விட்டம் கடைந்தாலும் எல்லாம் ஒரே மையம். வெளியே கடைந்து, உள்ளே போரிங் போட்டு, முகத்தையும் சீவிவிட்டுத்தான் இறக்க வேண்டும். சக்கின் பொய் வெளியே வருவது ஒருமுறை கழற்றி மறுபடி பிடிக்கும்போதுதான். "சக்க நம்பாத. வேலைய வரிசைப்படுத்து. ஒரே பிடியில முடியுதான்னு பாரு. முடியலன்னா அப்பறம் டயல எடு" என்றார் அவர். ஏழாம் வகுப்பு!

என் ஷாஃப்ட்டை அவர் எப்படிச் செய்தார் தெரியுமா? புதுக் கம்பி எடுத்தார். இரண்டு முகத்தையும் சீவி இரண்டிலும் சென்டர் டிரில் போட்டார். பிறகு சக்கையே கழற்றி வைத்துவிட்டார். டிரைவ் பிளேட், கேரியர், இரண்டு சென்டர். அவ்வளவுதான். பாட்டி காலத்து முறை! ஒரு பக்கம் கடைந்து, திருப்பிப் போட்டு, மறுபக்கம் கடைந்தார். கம்பியைத் திருப்பினாலும் அது அதே இரண்டு குழிகளில்தானே உட்கார்ந்திருக்கிறது? மையம் எங்கே ஓடும்? டயல் வைத்தார். முள் ஒரு கோடு அசைந்தது. விவசாயியிடம் காசு வாங்கவில்லை. என் அந்த வாரச் சம்பளத்தில் பேரிங் விலையைப் பிடித்துக்கொண்டார்கள். நியாயம்தான்.

அதன் பிறகு விடுமுறை முடியும்வரை சாயங்காலம் தினமும் அரை மணி நேரம் நாலு ஜா சக்கில் பழகினேன். நண்பர்களே, நாலு ஜாவைப் பார்த்து நாம் பயப்படுவது வீண். நாலையும் ஒன்றாக நினைத்தால்தான் குழப்பம். எதிரெதிர் தாடைகளை ஜோடியாகப் பாருங்கள். முதலில் சக் முகத்தில் இருக்கும் வட்டக் கோடுகளைப் பார்த்துக் கண் அளவில் பிடிக்க வேண்டும். சாக்பீஸை மெல்ல நீட்டினால் எந்தப் பக்கம் கோடு விழுகிறதோ அந்தப் பக்கம் மேடு. அது போதும் என்ற நிலை வந்ததும் டயல். ஒன்றாம் தாடை மேலே வரும்போது முள் 40, மூன்றாம் தாடை மேலே வரும்போது 10 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30. நாம் நகர்த்த வேண்டியது 15 மட்டும். இந்தப் பாதிக் கணக்குப் புரியாமல்தான் நான் முதல் இரண்டு நாள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தேன். தாழ்ந்த பக்கத்துத் தாடையைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை இறுக்கு. பிறகு 2-4 ஜோடி. கடைசிக் கோடுகளுக்குத் தளர்த்தவே கூடாது, மேடான பக்கத்தை இறுக்கியே கொண்டுவர வேண்டும். இரண்டு சாவி வைத்துக்கொண்டு எதிரெதிரே ஒரே நேரத்தில் திருகினால் வேலை பாதியாகிறது. முதல் நாள் எனக்கு 40 நிமிடம் ஆனது. மாதக் கடைசியில் 5 நிமிடம். மேஸ்திரிக்கு ஒரு பீடி புகையும் நேரம் கூட வேண்டாம்.

முகத்துக்குப் பக்கத்தில் ட்ரூ ஆனது என்று நிறுத்திவிடவும் கூடாது. 100 மில்லி தள்ளியும் டயல் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கூடுதலாக ஆடினால் ஜாப் சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். தாமிரச் சுத்தியால் மெல்லத் தட்டிச் சரி செய்யலாம்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய பைப் ஒன்றை மூணு ஜாவில் பலமாக இறுக்கி போரிங் போட்டேன். சக்கில் இருக்கும்போது வட்டம். கழற்றியதும் அமுங்கியிருந்த இடங்கள் விரிந்து, உள்ளே மூன்று மேடு மூன்று பள்ளம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு புள்ளி தொடும் அளவுகருவி எந்தப் பக்கம் வைத்தாலும் ஏறத்தாழ ஒரே விட்டம்தான் காட்டும். மூன்று மூலை உருவத்தை அதனால் பிடிக்க முடியாது. வெளிப்பக்கம் அப்படி ஆகியிருந்தால் வி-பிளாக்கில் வைத்து டயலில் பார்த்தால்தான் குட்டு உடையும். வெர்னியர் சொன்னதை வேதமாக நினைக்கும் நமக்கு இது தெரிய வேண்டாமா?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம் பிராக்டிகலில் வெர்னியர் வைத்து விட்டம் பார்க்கிறார்கள், நீளம் பார்க்கிறார்கள். இரண்டு ஸ்டெப்பும் ஒரே மையத்தில் இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்ததை நான் பார்த்ததில்லை. பார்க்காததை மாணவன் எதற்குச் செய்யப்போகிறான்? நாலு ஜா சக்குகள் கடைசி ரேக்கில் கிரீஸ் காய்ந்து கிடக்கின்றன. எக்சென்ட்ரிக் டர்னிங் செய்யும் வாரம் மட்டும் ஒன்று வெளியே வருகிறது. ஆசிரியர்கள் மேல் பழி போட நான் வரவில்லை. ஒரு பேட்ச் முழுக்க ஒரே பிற்பகலில் லேத்துக்கு முன்னால் நின்றால் அவர்களால் என்ன செய்ய முடியும்? தப்பில் பெரும் பங்கு நம்முடையது. ரெக்கார்டை சீனியரிடமிருந்து காப்பி அடிக்கிற மாதிரி ஜாப்பையும் எமரியால் காப்பி அடிக்கிறோம். சுற்றும் ஜாப்பில் கையால் எமரியைச் சுற்றிப் பிடிப்பது எவ்வளவு ஆபத்து என்பது வேறு விஷயம். சக்கில் சாவியை விட்டுவிட்டு ஸ்விட்ச் போடுவதற்கு அடுத்த ஆபத்து அதுதான்.

"இனிமே எல்லாம் சி.என்.சி.டா, இதெல்லாம் எதுக்கு?" என்று என் நண்பன் கேட்டான். ஹாஸ்டலில் இந்தச் சண்டை இரவு 12 மணி வரை போனது. கோவை எல்.எம்.டபிள்யூ. 1962-இல் நூற்பாலை இயந்திரங்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம். இன்று சி.என்.சி. லேத்துகளும் செய்கிறது. உண்மைதான், காலம் மாறிவிட்டது. ஆனால் அந்த சி.என்.சி. லேத்தின் முன்னாலும் ஒரு சக்தான் சுற்றுகிறது! ஹைட்ராலிக்கில் இறுகுகிறது, அவ்வளவுதான். அதில் துல்லியம் வேண்டுமென்றால் என்ன செய்கிறார்கள்? மெதுவான இரும்பில் செய்த சாஃப்ட் ஜா மாட்டி, ஒரு வளையத்தைக் கவ்வ வைத்து, இறுகிய நிலையிலேயே அந்தத் தாடைகளை ஜாப்பின் விட்டத்துக்கு அதே மெஷினில் போரிங் போடுகிறார்கள். ஏன்? ஸ்பிண்டிலின் மையம்தான் உண்மை, சக்கின் மையம் அல்ல. மேஸ்திரி சொன்ன அதே விஷயம். புரோகிராம் 0.001 வரை எழுதலாம். பிடி கோணலாக இருந்தால் கோணலான ஜாப்தான் வேகமாக வரும்.

ஜி.டி. நாயுடுவை நமக்கெல்லாம் தெரியும். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமானவர். பொறியியல் படிப்புக்கு அத்தனை வருடம் தேவையில்லை, அது மாணவனின் காலத்தை வீணாக்குவது என்று வாதாடி, அரசு ஏற்காததால் விலகிப் போனவர். அவ்வளவு பெரியவரோடு எனக்கு ஒரு சின்ன வேறுபாடு உண்டு. வருடம் அதிகமா குறைவா என்பதல்ல பிரச்சினை. நம் மூன்று வருடத்தில் டயல் முள்ளைப் பார்த்த நிமிடங்கள் எத்தனை? எனக்கு ஒன்று கூட இல்லை. பட்டறையில்தான் முதல் முறை பார்த்தேன்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வேண்டுகோள் என்ன, கோரிக்கை. சாதாரண டயல் ஒன்றும் காந்த ஸ்டாண்ட் ஒன்றும் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. போன ஆண்டு விழாவுக்கு நாம் வாசலில் வைத்த பேனர்களின் செலவை எல்லோரும் அறிவோம். (அதில் என் முகமும் ஓர் ஓரத்தில் இருந்தது, மறுக்கவில்லை.) இந்த வருடம் பேனர் வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு லேத்துக்கு ஒன்று என்ற கணக்கில் டயல் வாங்குவோம். துறைத்தலைவரிடம் போய், ஜாப்பில் ஒரு பகுதி மதிப்பெண்ணை அவுட்டுக்கு ஒதுக்குங்கள் சார் என்று நாமே கேட்போம். முதல் வருடம் என் மார்க் உட்பட எல்லோர் மார்க்கும் குறையும். சங்கத் தேர்தலில் இதைச் சொல்லி ஓட்டுக் கேட்க முடியாது என்று செயலாளர் அண்ணன் சிரிக்கிறார். அண்ணே, அம்பத்தூரிலோ ராணிப்பேட்டையிலோ ஓசூரிலோ அப்ரண்டிஸ் தேர்வுக்குப் போய் நிற்கும்போது ஒரு நாலு ஜா சக்கையும் டயலையும் கையில் கொடுத்து "ட்ரூ பண்ணு" என்றால், பேனரையா காட்டப் போகிறோம்?

அந்த விவசாயியை ஆடி மாதம் சந்தையில் பார்த்தேன். ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தேன். அவரே கூப்பிட்டார். பம்ப் ஓடுகிறதாம். கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் வருகிறதாம். கடலை எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பணம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ரேக்கிலிருந்து ஒரு நாலு ஜா சக்கை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருக்கிறோம். ஒர்க்‌ஷாப் சார் புதன்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மேல் ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்திருக்கிறார். பட்டறை அண்ணன் பழைய டயல் ஒன்றைக் கடனாகத் தருகிறார். கண்ணாடி விரிசல்தான், ஆனால் முள் ஓடுகிறது. நாலாம் நம்பர் லேத். வருகிறவர்கள் ஆளுக்கொரு துணி எடுத்து வாருங்கள். இரண்டாவது சாவி என்னிடம் இருக்கிறது.